கொல்வது வெந்நீர் அல்ல, குளிர்

ஜப்பானில் 2021ஆம் ஆண்டில் மட்டும் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்த முதியோர் 4,700 பேருக்கும் மேல். அதே ஆண்டு சாலை விபத்துகளில் இறந்த முதியோரைப் போல இது இரண்டு மடங்கு. பனிக்காலம் தொடங்கினாலே இந்தக் கணக்கு செய்திகளில் வரும். வயதானவர்கள் தொட்டியை விட்டுவிட்டு ஷவரோடு நிறுத்திக்கொள்ளட்டுமே என்ற பேச்சும் கூடவே கிளம்பும். நாகானோவில் முதியோர் பராமரிப்பு வேலை பார்க்கும் நான் இதை ஏற்கமாட்டேன்.

இங்கே தொட்டி அழுக்குப் போக்கும் இடமல்ல. வெளியே சிறு முக்காலியில் உட்கார்ந்து, தேய்த்துக் குளித்து, நுரை துளியும் இல்லாமல் அலசிய பிறகே உள்ளே இறங்குவார்கள். கழுத்தளவு வெந்நீரில் கால் மடக்கி உட்காருவது உடம்பின் வலிக்கும் மனதின் பாரத்துக்கும். ஒருவர் எழுந்ததும் மூடி போட்டுச் சூட்டைக் காப்பார்கள். அடுத்தவருக்கும் அதே நீர்தான். மிச்சத்தை மறுநாள் சிறு பம்ப் வைத்துச் சலவை இயந்திரத்துக்கு இழுத்துக்கொள்வார்கள். பேச்சே குறைந்துபோன பாட்டிகள்கூட வெந்நீரில் அமர்ந்ததும் "ஆ, சுகம்" என்று வாய்விட்டுச் சொல்வதைக் கேட்கிறேன். அதை அவர்களிடமிருந்து எப்படிப் பறிப்பது?

அவர்களுடைய சிறு வயதில் பல வீடுகளில் இருந்தது 'கோஎமோன்' தொட்டி. வார்ப்பிரும்புக் கொப்பரை, அடியில் விறகு அடுப்பு. மிதக்கும் மரப்பலகையைக் காலால் அழுத்தி அதன்மேல் நின்றுதான் இறங்க வேண்டும். இல்லையேல் பாதம் சுட்டுவிடும். சுவருக்கு அப்பால் ஒருவர் விறகு தள்ளிக்கொண்டே "சூடு போதுமா?" என்று கேட்பார். உள்ளிருந்து பதில் வராவிட்டால் உடனே தெரிந்துவிடும். இன்று பொத்தானை அழுத்தினால் தொட்டி தானே நிரம்புகிறது, நீர் ஆறினால் தானே சூடேறுகிறது. கேட்க ஆளில்லை. தனியே வாழும் முதியோரோ பெருகிவிட்டார்கள்.

பழைய வீடுகளில் ஆள் இருக்கும் அறையை மட்டுமே சூடாக்குவார்கள். உடை மாற்றும் இடம் பனிக்கட்டியாக இருக்கும். அங்கே ஆடை களைந்ததும் ரத்த அழுத்தம் எகிறுகிறது. வெந்நீரில் இறங்கிச் சற்று நேரத்தில் சரிகிறது. சட்டென்று எழும்போது தலை சுற்றுகிறது. விழுந்தால் தூக்க ஆளில்லை.

புதிய வீடுகளுக்கு வெப்பக் காப்பு 2025 ஏப்ரல் முதல் கட்டாயம். நல்லது. ஆனால் எண்பது வயதுக்காரர் புது வீடா கட்டப்போகிறார்? அரசின் முதியோர் பராமரிப்புக் காப்பீடு, கைப்பிடி, படி, தரை போன்ற மாற்றங்களுக்கு 2 லட்சம் யென் வரையிலான செலவில் பெரும்பங்கை ஏற்கிறது. உடை மாற்றும் அறைக்கான ஹீட்டர் அந்தப் பட்டியலில் இல்லை. அதை முதலில் சேர்க்க வேண்டும்.

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அப்பா அம்மாவை ஜப்பானுக்கு அழைத்துவரும் தமிழ்க் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் குளிக்கும் முன் அந்தச் சின்ன அறையைச் சூடாக்குங்கள். தொட்டி நீர் 41 டிகிரியைத் தாண்டவேண்டாம், பத்து நிமிடம் போதும். சாப்பிட்ட உடனே இறங்கவிடாதீர்கள். கதவுக்கு வெளியே நின்று அவ்வப்போது குரல் கொடுங்கள்.