‘எல்லா ஊசியும் போட்டாச்சுங்க!’

நாய் வளர்க்கிற யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. "ஊசி போட்டாச்சா?" அரை செகண்டுல பதில் வரும், "எல்லா ஊசியும் போட்டாச்சுங்க!" அடுத்து, "எது, எப்போ?"ன்னு கேளுங்க. ஒரு மௌனம். அப்புறம், "போன தீபாவளிக்கு முன்னாடி... இல்ல, அதுக்கு முந்தின தீபாவளியா..." இந்த 'எல்லா'ங்கற வார்த்தை மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு காண்டு. இன்னிக்கு ஆணி கொஞ்சம் கம்மி, எழுதித் தீத்துடறேன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டறவன். ரங்கமணி ஆகற யோகம் இன்னும் வரலை. வீட்ல தங்கமணி கிடையாது, மணி மட்டும்தான். மணிங்கறது மூணு வயசு நாட்டு நாய். அவனுக்கு ஒரு நாப்பது பக்க நோட்டு வச்சிருக்கேன். ஆபீஸ் நண்பர்கள் இதைப் பாத்துட்டு, "உன் ரெஸ்யூமே கூட இவ்வளவு அப்டேட்டா இருக்காதேடா"ன்னு ஓட்டுவாங்க. ஓட்டட்டும்.

எங்க அபார்ட்மெண்ட்ல நடந்த ஒரு விஷயம். இரண்டாவது மாடில ஒரு வீட்டு நாய், சாப்பாடு கொண்டுவந்த பையனைக் கெண்டைக்கால்ல கடிச்சிடுச்சு. நல்ல ரத்தம். வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான், பதறிப்போய் தண்ணி கொண்டுவந்தார், காசு எடுத்து நீட்டினார். ஆனா வாயைத் திறந்தா ஒரே வசனம்: "பயப்படாதப்பா, எல்லா ஊசியும் போட்டாச்சு." கார்டு எங்கன்னு கேட்டா, மனைவி ஊருக்குப் போயிருக்காங்க, பீரோ சாவி அவங்ககிட்ட. எந்த டாக்டர்னு கேட்டா, "முன்னாடி இருந்த ஏரியால ஒருத்தர், இப்ப கிளினிக்கை மூடிட்டார்."

குழாயடில சோப்பு போட்டு காலை நல்லாக் கழுவ வச்சு, என் பைக்ல அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரத்தம் வந்த கடின்னா மூணாவது வகை. தடுப்பூசியோட சேத்து, கடிபட்ட இடத்துலயே இம்யூனோகுளோபுலினும் போடணும். அந்தக் காலத்துல தொப்புளைச் சுத்திப் போட்ட 14 ஊசி இப்போ இல்லை, ஆட்டு மூளையிலேர்ந்து எடுத்த அந்த மருந்தை இந்தியாவுல 2004லயே நிறுத்திட்டாங்க. இப்ப கைத்தோல்ல போடறாங்க; கடிச்ச அன்னிக்கு, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். ஊசி இலவசம்தான். ஆனா நாலு தடவை வரிசைல நிக்கணும், டெலிவரி பையனுக்கு அது நாலு அரைநாள் சம்பளம்.

இங்க ஒண்ணைத் தெளிவா சொல்லிடணும். அந்தக் கார்டு கைல இருந்திருந்தாலும் பையன் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். ஊசி போட்ட நாய்தானேன்னு யாரும் வீட்ல உக்காந்திரக்கூடாது. அறிகுறி வந்துட்டா ரேபிஸுக்கு மருந்து கிடையாது. ஆனா டாக்டர் கேட்ட முதல் கேள்விகள் என்ன தெரியுமா? "வீட்டு நாயா, தெரு நாயா? கடைசியா எப்ப ஊசி போட்டது? நாய் இப்ப எப்படி இருக்கு? பத்து நாள் கண்காணிக்க முடியுமா?" நாய் கடிச்ச நாள்லேர்ந்து பத்து நாள் நல்லபடியா இருந்தா, கடிச்ச அன்னிக்கு அதோட எச்சில்ல கிருமி இல்லைன்னு அர்த்தம். அதை வச்சு டாக்டர் மேற்கொண்டு முடிவெடுப்பார். நம்ம வீட்டுக்காரர் என்ன பண்ணினார்? அசோசியேஷன்ல சண்டைக்கு வருவாங்கன்னு பயந்து, மறுநாள் காலைல நாயைச் சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிட்டார்! கார்டும் இல்லை, நாயும் இல்லை. அந்தப் பையன் பத்து நாளா எனக்கு போன் பண்ணி, "அண்ணா, நாய் உயிரோட இருக்கான்னு கேட்டீங்களா?"ன்னான். சாப்பாடு இறங்கலையாம்.

ஒரு வாரம் கழிச்சு கார்டு கிடைச்சுது. கடைசி ரேபிஸ் ஊசி போட்டு இரண்டு வருஷம் நாலு மாசம். பக்கத்துலயே அடுத்த தேதி அழகா எழுதியிருந்தது, அதுக்கு நேரா கட்டம் காலி. வீட்டுக்காரர் பொய் சொல்லலை. அவர் மனசுல நிஜமாவே எல்லாம் போட்டாச்சு. அதுதான் பிரச்சனையே.

நம்ம பாஷைல சொன்னா, 'போட்டாச்சு'ங்கறது ஒரு பூலியன். ஆமா, இல்லை, அவ்வளவுதான். உடம்பு பூலியன்ல ஓடறதில்லை, தேதில ஓடுது.

குட்டி நாயையே எடுத்துக்குங்க. ஆறெட்டு வாரத்துல முதல் ஊசி, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒருதடவை திரும்பத் திரும்ப. நிறைய பேர் இதைப் பாலிஷ் போடற மாதிரி, ஒண்ணு மேல ஒண்ணு பூசறதா நினைக்கறாங்க. ரெண்டு தடவை போட்டா போதாதா, டாக்டர் காசு பாக்கறார்னு முணுமுணுப்பு வேற. விஷயம் என்னன்னா, தாயோட சீம்பால்லேர்ந்து குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி வருது. அது நோயைத் தடுக்கற மாதிரியே தடுப்பூசியையும் அமுக்கிடும். அது எப்ப வடியும்ங்கறது குட்டிக்குக் குட்டி மாறும். ஒரே ஈத்துல பொறந்த ரெண்டு குட்டிக்கே வேற வேற வாரமா இருக்கலாம். அதனால, சக்தி வடிஞ்ச அந்த இடைவெளியைப் பிடிக்கறதுக்காகப் பல தடவை முயற்சி பண்றாங்க. கடைசி டோஸ் 16 வாரத்துலயோ அதுக்கு அப்புறமோ விழணும்னு உலக சிறுபிராணி கால்நடை மருத்துவர் சங்கத்தோட வழிகாட்டி சொல்லுது. பத்தாவது வாரத்துல நிறுத்தின குட்டிக்குக் கார்டுல ரெண்டு ஸ்டிக்கர் இருக்கும், ஆனா பார்வோ வந்தா தாங்காம போகலாம். ஆக, பிறந்த தேதி தெரியாம ஊசி தேதியை மட்டும் வச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாது. மணியை ரோட்லேர்ந்து எடுத்தப்போ டாக்டர் பல்லைப் பாத்து வயசைக் கணிச்சார். நோட்டோட முதல் வரி அதுதான், பக்கத்துல 'உத்தேசம்'னு போட்டு.

அந்த 'செவன் இன் ஒன்', 'நைன் இன் ஒன்' ஊசியும் அப்படித்தான். சிரிஞ்ச் ஒண்ணு, ஆயுள் வேற வேற. டிஸ்டம்பர், பார்வோவுக்கான பகுதி வளந்த நாய்க்கு மூணு வருஷமோ அதுக்கு மேலயோ தாங்கும். அதே ஊசில இருக்கற லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல் பகுதி, ஒரு வருஷம்தான். மழைக்கு முழங்கால் தண்ணி நிக்கற சென்னைல எது முக்கியம்னு நான் சொல்லணுமா என்ன! ரேபிஸ் தனிக் கணக்கு, இங்க வருஷத்துக்கு ஒரு தடவை.

சரி, நோட்டுல என்ன எழுதறது? ஊசி மருந்து புட்டில ஒரு குட்டி ஸ்டிக்கர் இருக்கும், மருந்து பேர், பேட்ச் நம்பர், காலாவதி தேதியோட. அதை உரிச்சு ஒட்டச் சொல்லுங்க. பக்கத்துல டாக்டர் கையெழுத்து, சீல். வெறுமனே பேனாவால ஒரு டிக் அடிச்சுக் கொடுத்தா வாங்காதீங்க. இந்த மருந்தெல்லாம் 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். நாளைக்கு ஒரு பேட்ச்ல கோளாறுன்னு தெரிஞ்சா, உங்க நாய்க்குப் போட்டது அதுவான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

அப்புறம் எடை. யாரும் மதிக்காத, ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச நம்பர். பூச்சி மருந்துலேர்ந்து ஆன்டிபயாடிக் வரைக்கும் எல்லாமே கிலோ கணக்குத்தான். மாசத்துக்கு ஒரு தடவை மணியைத் தூக்கிக்கிட்டு மெஷின்ல ஏறி, என் எடையைக் கழிச்சு எழுதிடுவேன். (என் எடையை மட்டும் எழுதறதில்லை. ஹிஹி.)

மணிக்கு உண்ணிக்காய்ச்சல் வந்தது ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி. வழக்கமா பாக்கற டாக்டர் இல்லை. வேற கிளினிக், முன்ன பின்ன தெரியாத டாக்டர். பிளேட்லெட் 70 ஆயிரம்னு ரிப்போர்ட். அவர் நோட்டைப் பொரட்டினார். ஆறு மாசம் முன்னாடி, நல்லா இருந்தப்ப எடுத்த ரத்தப் பரிசோதனைல 2 லட்சத்து 60 ஆயிரம். எடை ஒரே மாசத்துல 21.5லேர்ந்து 19. "எப்பலேர்ந்து சாப்பிடலை?"ன்னு கேட்டதுக்கும் தேதி இருந்தது. மூணு நிமிஷத்துல அவர் கைக்கு மணியோட ஆறு மாசம் வந்துடுச்சு. மணியால "போன வாரத்துலேர்ந்தே ஒரு மாதிரியா இருக்குங்க டாக்டர்"னு சொல்ல முடியுமா? 28 நாள் மாத்திரை. பத்தாவது நாளே ஐயா பந்து பொறுக்க ஓட ஆரம்பிச்சுட்டார். பொதுவா அந்த இடத்துலதான் எல்லாரும் மாத்திரையை நிறுத்துவாங்க. நோட்டுல 28 கட்டம் போட்டிருந்தேன், மீதி 18 கட்டம் முறைச்சுக்கிட்டே இருந்தது.

'இதுக்கெல்லாம் ஆப் இருக்கே'ம்பீங்க. மென்பொருள் எழுதிப் பொழைக்கறவன் சொல்றேன், ஆப்பை நம்பாதீங்க. கம்பெனி மூடும், போன் மாறும், பாஸ்வேர்ட் மறக்கும். தவிர, கடி நடந்தப்போ நீங்க ஊர்ல இல்லைன்னா, உங்க அம்மாவுக்கு அந்த ஆப் திறக்கத் தெரியுமா? நோட்டு பிரிட்ஜ் மேல இருக்கும். நினைவூட்டலுக்கு போன் காலண்டர் போதும். பக்கங்களை போட்டோ எடுத்து மெயில்ல போட்டு வச்சா பேக்கப் ஆச்சு. பில், லேப் ரிப்போர்ட் எல்லாம் அந்த வழவழ தாள்ல அச்சடிச்சுக் கொடுத்தா அன்னிக்கே போட்டோ எடுத்துடுங்க, ஒரு வெயில் காலம் தாண்டினா வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.

மைக்ரோசிப்புக்கும் இதே கதை. 2025 கடைசில சென்னை மாநகராட்சி, வீட்டு நாய்க்கு லைசென்ஸோட மைக்ரோசிப்பும் கட்டாயம், இல்லாட்டி 5,000 ரூபாய் அபராதம்னு சொன்னப்போ, நண்பர் ஒருத்தர், "இனிமே கார்டெல்லாம் எதுக்கு, எல்லாம் சிப்லயே இருக்கும்"னார். சிப்ல ஒண்ணும் இருக்காது சாமி! அரிசி அளவு ஒரு குப்பி, பேட்டரி இல்லை, ஜிபிஎஸ் இல்லை. உள்ள இருக்கறது 15 இலக்க எண் மட்டும். அது பிரைமரி கீ. டேபிள் நம்மகிட்டதான் இருக்கணும்.

ஆன்சைட் கனவுல இருக்கற மக்கள் இதைக் கொஞ்சம் கவனிங்க. ஐரோப்பாவுக்கு நாயைக் கூட்டிட்டுப் போகணும்னா, முதல்ல சிப், அப்புறம்தான் ரேபிஸ் ஊசி. சிப்புக்கு முன்னாடி போட்ட ஊசி கணக்குலயே வராது. இந்தியாவுலேர்ந்து போனா, ஊசி போட்டுக் குறைஞ்சது 30 நாள் கழிச்சு ரத்தம் எடுத்து எதிர்ப்புச் சக்தி அளவு பாக்கணும், ரத்தம் எடுத்த நாள்லேர்ந்து மூணு மாசம் காத்திருக்கணும். அதுக்கப்புறம் ஊசி ஒரு தடவை கூட தேதி தவறாம போட்டுக்கிட்டே வந்தா அந்தப் பரிசோதனை ஆயுசுக்கும் செல்லும். ஒரு தடவை தேதி தாண்டிட்டா திரும்ப முதல்லேர்ந்து. விசா வந்த அப்புறம் இதெல்லாம் ஆரம்பிச்சா, நீங்க ஜெர்மனில, நாய் மாமியார் வீட்ல.

"மனுஷனுக்கே ரெக்கார்ட் கிடையாது, நாய்க்கு நோட்டா?"ன்னு கேக்கறவங்களுக்கு: உங்க அம்மாவைக் கேளுங்க. நீங்க பொறந்தப்போ கொடுத்த தடுப்பூசி அட்டையை இன்னும் டிரங்குப் பெட்டில வச்சிருப்பாங்க.

கடைசியா, எனக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கற விஷயம். வீட்டு நாய்க்கு நாம இருக்கோம். தெரு நாய்க்கு? 2025 ஆகஸ்ட் 22ல உச்ச நீதிமன்றம், தெரு நாய்களைப் பிடிச்சு, கருத்தடை பண்ணி, பூச்சி மருந்தும் தடுப்பூசியும் போட்டு, பிடிச்ச இடத்துலயே விடணும்னு சொல்லுச்சு (ரேபிஸ் இருக்கற, மூர்க்கமான நாய்களைத் தவிர). கருத்தடை ஆனதுக்கு அடையாளமா காது நுனில ஒரு வெட்டு இருக்கும். அறுவை சிகிச்சை அப்போவே ரேபிஸ் ஊசியும் போட்டுடுவாங்க. எங்க தெருவுல எல்லாரும் அந்தக் காதைப் பாத்துட்டு, "இது ஊசி போட்ட நாய், ஒண்ணும் பண்ணாது"ன்னு நிம்மதியா இருக்காங்க. கருத்தடை ஆயுசுக்கும் நிக்கும். ஊசி நிக்காது. நாலு வருஷம் முன்னாடி வெட்டின காது இன்னிக்கும் அதே மாதிரிதான் இருக்கும். தேதி இல்லாத ரெக்கார்ட் அது. மறுபடி 'எல்லா ஊசியும் போட்டாச்சு'தான், இந்தத் தடவை ஊரே சேந்து சொல்லுது.

கோவாவுல மிஷன் ரேபிஸ் அமைப்பு அரசோட சேந்து, ஊசி போடற ஒவ்வொரு நாயையும் போன்ல, இடத்தோட பதிவு பண்ணி, வருஷா வருஷம் திரும்பப் போய்ப் போட்டாங்க. 2021ல கோவா ரேபிஸ் கட்டுப்பாட்டுப் பகுதியா அறிவிக்கப்பட்டுச்சு. எங்க தெருவுல சோறு வைக்கற பெரியம்மா ஒருத்தர் காலண்டர் தாளோட பின்பக்கத்துல நாலு நாயோட பேரும் ஊசி தேதியும் எழுதி வச்சிருக்காங்க. கருப்பி, வெள்ளையன், நொண்டி, இன்னொரு கருப்பி. இப்ப அது என் நோட்டோட கடைசி நாலு பக்கத்துல. ஜனவரில ரெண்டாவது கருப்பிக்குத் தேதி வருது, பிடிக்கறதுதான் கஷ்டம். பிஸ்கட்டைக் காட்டினா பத்தடி தள்ளி நின்னு சிரிக்கறா.

பி.கு: நாய் கடிச்சா ஓடற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க, அப்புறம் நேரா ஆஸ்பத்திரி. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேணாம். அவ்வ்வ்வ்... மிளகாய்த்தூள் வச்சுக்கிட்டு வந்தவரை அன்னிக்கு வரிசைல நேர்ல பாத்தேன்.