ஏழையின் பங்கு

இஸ்லாம் மார்க்கம் முஸ்லிம்களுக்கு ஐந்து கடமைகளை விதித்து இருக்கிறது.

இறைவன் ஒருவனே என்றும், முகம்மது நபி அவனுடைய தூதர் என்றும் உறுதி சொல்வது முதல் கடமை. இதற்குக் "கலிமா" என்று பெயர். தினமும் ஐந்து வேளை தொழுவது இரண்டாவது. ஏழைகளுக்கு உரிய பங்கைக் கொடுப்பது மூன்றாவது. ரம்ஜான் மாதம் முழுவதும் நோன்பு இருப்பது நான்காவது. பணமும் உடல் நலமும் உள்ளவர்கள், வாழ்நாளில் ஒரு முறை மக்காவுக்கு ஹஜ் பயணம் போவது ஐந்தாவது.

தொழுகையும் நோன்பும் எல்லோருக்கும் தெரியும். பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கிறது. நோன்புக் கஞ்சி அடுத்த வீட்டுக்கும் வருகிறது. ஆனால் மூன்றாவது கடமை அவ்வளவாக வெளியே தெரிவது இல்லை. அதன் பெயர் "ஜக்காத்".

கணக்கு என்ன?

மனம் வந்தபோது, கைக்கு வந்ததைக் கொடுப்பது தர்மம். ஜக்காத்துக்குக் கணக்கு உண்டு.

ஒருவரிடம் ஏறத்தாழ 85 கிராம் தங்கம், அதாவது பத்தரைப் பவுனுக்குச் சற்று அதிகம் இருக்கிறது. அல்லது அந்த மதிப்புக்குப் பணமோ வியாபாரச் சரக்கோ இருக்கிறது. அது ஓர் ஆண்டு அவர் கையில் இருந்தால், 100 ரூபாய்க்கு இரண்டரை ரூபாய் வீதம் கொடுக்க வேண்டும். 20 லட்ச ரூபாய் வைத்து இருப்பவர் 50 ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும். வெள்ளிக்குத் தனி அளவு உண்டு. பெண்கள் அணியும் நகையை ஹனபி வழியினர் கணக்கில் சேர்ப்பார்கள். அளவோடு அணியும் நகையை ஷாபி வழியினர் சேர்ப்பது இல்லை.

நெல், கோதுமை போன்ற விளைச்சலுக்கும் ஜக்காத் உண்டு. மழையில் விளைந்தால் பத்தில் ஒரு பங்கு. செலவு செய்து நீர் இறைத்து விளைவித்தால் இருபதில் ஒரு பங்கு. உழவன் படும் பாட்டையும் மார்க்கம் எண்ணிப் பார்த்து இருக்கிறது.

யாருக்குக் கொடுப்பது?

எட்டு வகையினருக்கு என்று குர்ஆன் வரையறுத்து இருக்கிறது. ஏழைகள், கடனில் மூழ்கியவர்கள், வழியில் கையில் காசு இல்லாமல் தவிக்கும் பயணிகள் ஆகியோர் அதில் அடங்குவர். பெற்ற தாய் தந்தைக்கும், பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டு ஜக்காத் கணக்கில் எழுத முடியாது. அவர்களைக் காப்பாற்றுவது தனிக் கடமை.

632-ம் ஆண்டில் நபிகள் நாயகம் காலமானார். அபூபக்கர் கலீபா ஆனார். தொழுவோம், ஆனால் ஜக்காத் தர மாட்டோம் என்று சில கூட்டத்தார் சொன்னார்கள். அபூபக்கர் அதை ஏற்கவில்லை. அவர்கள் மீது படை அனுப்பினார். ஏழையின் பங்கை நிறுத்தி வைக்க யாருக்கும் உரிமை இல்லை என்பதே அதன் பொருள்.

நெரிசலில் போன உயிர்கள்

அப்படிப்பட்ட பங்கு, சில இடங்களில் எப்படிக் கொடுக்கப்படுகிறது?

2008-ம் ஆண்டு ரம்ஜான் மாதத்தில், இந்தோனேசியாவில் பசுருவான் என்ற ஊரில் ஒரு செல்வர் வீட்டில் ஜக்காத் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். நெரிசலில் 21 பெண்கள் இறந்தார்கள். 2023-ம் ஆண்டு ஏப்ரலில், ஏமன் நாட்டின் சனா நகரில் வியாபாரிகள் உதவித் தொகை வழங்கினார்கள். அங்கே 70-க்கும் மேற்பட்டவர்கள் மிதிபட்டு மாண்டார்கள். வீட்டுக்கு அரிசி வாங்கப் போனவர்கள் பிணமாகத் திரும்பினார்கள்.

கொடுத்தவர்களின் எண்ணம் நல்லதாக இருக்கலாம். முறைதான் தவறு. கொடுத்ததைச் சொல்லிக் காட்டக் கூடாது, வாங்குகிறவர் மனம் நோகக் கூடாது என்று குர்ஆன் எச்சரிக்கிறது. வெயிலில் வரிசையில் நிறுத்தி, புகைப்படம் எடுத்து, கையில் சில நோட்டுகளைத் திணித்தால் எந்த மனம் நோகாது?

வீடு தேடிப் போகட்டும்!

நல்ல வழிகள் இருக்கின்றன. மலேசியாவில் மாநிலம்தோறும் சமய மன்றங்கள் ஜக்காத்தை வசூலித்து, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுக்கின்றன. தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் ஜமாஅத்தார் "பைத்துல்மால்" என்ற பொது நிதி வைத்து இருக்கிறார்கள். எந்தத் தெருவில் விதவை இருக்கிறாள், எந்த வீட்டில் கடன்காரன் கதவைத் தட்டுகிறான் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்.

நூறு பேருக்கு நூறு நூறு ரூபாய் கொடுத்தால், அடுத்த ஆண்டும் அந்த நூறு பேர் வாசலில் நிற்பார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து ஒரு பெண்ணுக்குத் தையல் எந்திரம் வாங்கிக் கொடுத்தால், அந்த வீட்டில் அடுப்பு எரியும். சில ஆண்டுகளில் அவளே ஜக்காத் கொடுக்கும் நிலைக்கு உயரலாம்.

வாங்க வேண்டிய பணத்துக்காக ஏழை காத்துக் கிடக்கக் கூடாது. கடன்பட்டவர்தான் கடன் கொடுத்தவரின் வீட்டுக்குப் போவது வழக்கம். ஜக்காத்தும் அப்படி வீடு தேடிப் போகட்டும்.