வானத்து ஊருணி

ஊரார் அனைவரும் உண்ணும் நீரைத் தாங்கி நிற்கும் குளத்தை ஊருணி என்பது தமிழ் வழக்கு. அஃது ஒருவர்க்கு மட்டும் உரியதன்று. ஊர் முழுமைக்கும் உரியது. குடத்தோடு வருவோர் முறை அறிந்து இறங்குவர். நீரைக் கலக்காது முகப்பர். பின் வருவோர்க்கு வழி விட்டுக் கரையேறுவர். இம்முறையைக் காக்கக் கரையில் எப்பொழுதும் காவலர் நிற்பதில்லை. மக்களின் மனமே அங்குக் காவல். அத்தகைய நீரில் ஒருவன் இறங்கிச் சேற்றைக் கிளறினால், அவன் ஒருவனால் ஊர் முழுதும் விடாய் தணியாது வருந்தும். வானத்திலும் இத்தகைய ஊருணி ஒன்று உண்டு. அதனைக் கலக்குவாரும் உளர்.

வானொலியைக் கேட்டு மகிழ்வோர் பலர். தாமே வானொலி நிலையம் அமைத்து, அண்மையில் உள்ளாரோடும் கடல் கடந்து வாழ்வாரோடும் உரையாடுவோர் சிலர். ஊதியம் கருதாது, அறிவு வேட்கையும் நட்பும் கருதி இதில் ஈடுபடும் இவர்களை அமெச்சூர் வானொலியாளர் என்பர். சுருக்கமாக 'ஹாம்' என்றும் வழங்குவர். விரும்பியவர் எல்லாம் விரும்பியவாறு இதில் பேசிவிட இயலாது. தேர்வில் தேறி உரிமம் பெறுதல் வேண்டும். உரிமம் பெற்றவர் ஒவ்வொருவர்க்கும் எழுத்தும் எண்ணும் கலந்த அழைப்புக் குறி ஒன்று அளிக்கப்படும். அக்குறியே வானில் அவர்தம் பெயர். அமெரிக்க நாட்டு விதிப்படி, பேசுகின்றவர் 10 நிமிடத்திற்கு ஒரு முறையேனும் பேச்சின் முடிவிலும் தம் குறியைக் கூறுதல் வேண்டும். பேசும் சொல்லுக்குப் பேசுபவரே பொறுப்பு என்பதை நினைவூட்டும் நல்ல விதி இது.

கையில் அடங்கும் சிறு கருவியின் ஆற்றல் பெரும்பாலும் 5 வாட் அளவே. அதிலிருந்து எழும் அலைகள் ஒளியைப் போலப் பெரிதும் நேர்கோட்டிலேயே செல்வன. மலையும் மாடமும் இடைநின்றால் தடைப்படுவன. இக்குறையைப் போக்க அமைந்ததே 'ரிப்பீட்டர்' என்னும் மறு ஒலிபரப்பு நிலையம். குன்றின் உச்சியிலோ உயர்ந்த கட்டடத்தின் மீதோ இதனை நிறுவுவர். இஃது ஓர் அலைவரிசையில் மெல்லிய குரலைக் கேட்கும். கேட்ட அந்நொடியே வேறோர் அலைவரிசையில் அதனை உரக்கச் சொல்லும். அமெரிக்காவில் 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில், கேட்கும் அலைவரிசைக்கும் சொல்லும் அலைவரிசைக்கும் இடையே பெரும்பாலும் 600 கிலோஹெர்ட்ஸ் வேறுபாடு இருக்கும். பள்ளத்தாக்கில் நிற்பவர் மெல்லக் கூறிய சொல், இந்நிலையத்தின் துணையால், மலைக்கு அப்பால் உள்ளவர் செவியில் தெளிவாக விழும். இந்நிலையங்களை அரசு கட்டித் தருவதில்லை. அன்பர்கள் தம் கைப்பொருளைச் செலவிட்டு அமைக்கின்றனர். காற்றிலும் பனியிலும் மலையேறிப் பழுது பார்க்கின்றனர். பயனையோ பலர்க்கும் பொதுவாக்குகின்றனர்.

ரிப்பீட்டரில் ஒருவர் பேச, மற்றையோர் கேட்பர். அவர் முடித்தபின் சிறிது இடைவெளி விட்டே அடுத்தவர் தொடங்குவர். அவ்விடைவெளி வீணன்று, அவசரச் செய்தி உடையவர் எவரேனும் உள்ளே புகுவதற்காகத் திறந்து வைத்த வாயில் அது. இந்நன்முறையைச் சிலர் வேண்டுமென்றே குலைக்கின்றனர். ஒருவர் பேசும்போது தம் கருவியின் பொத்தானை அழுத்தி, அவர் சொல்லை அழிக்கின்றனர். சீழ்க்கை அடிக்கின்றனர். பதிந்து வைத்த பேச்சையும் பாட்டையும் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்கின்றனர். நாக் கூசும் வசைமொழிகளை வீசுகின்றனர். பிறர் அழைப்புக் குறியைத் தமதெனக் கூறி, பழியை அவர்மேல் ஏற்றுவாரும் உளர். முகம் தெரியாது என்னும் துணிவே இவர்தம் வலிமை.

இதனைச் சிறு குறும்பு என்று ஒதுக்குதல் தகாது. ஒரு கூடத்தில் இருவர் ஒருங்கே பேசினால் இருவர் சொல்லும் ஓரளவு கேட்கும். ரிப்பீட்டர்களில் பெரிதும் பயன்படும் பண்பலை முறையின் இயல்போ வேறு. ஒரே அலைவரிசையில் இரண்டு அலைகள் வந்து சேருமாயின், வலிய அலையையே கருவி பற்றிக் கொள்ளும். மெலிய அலை மறைந்துபோகும். ஆகவே, இடையூறு செய்பவன் மிக்க ஆற்றலுடைய கருவியோடு குன்றின் அருகில் இருந்தால் போதும். தொலைவில் இருந்து சிறு கருவியில் பேசும் எளியவர் குரல் எவர் செவியையும் எட்டாது. மலைப்பாதையில் கால் முறிந்து கிடப்பவர் ஒருவர் உதவி கோரி அழைத்தாலும், அவ்வழைப்பு எழுந்ததாகவே பிறர் அறியார். வலியவன் மெலியவன் வாயைப் பொத்துவதற்கு ஒப்பான செயல் இது.

அமெச்சூர் வானொலி பொழுதுபோக்கு மட்டுமே என்று எண்ணுவார்க்கு இடுக்கண் வரும் காலம் உண்மையை உணர்த்தும். 1994ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் விடியற்காலையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரை அடுத்த நார்த்ரிட்ஜ் பகுதியில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் காத்ரீனா என்னும் சூறாவளி அமெரிக்காவின் தென்கரையைச் சிதைத்தது. இரு காலங்களிலும், தொலைபேசி செயலற்ற இடங்களில் அமெச்சூர் வானொலியாளர் செய்தி கொண்டு சென்று துணைநின்றனர். தமிழகக் கரையையும் தாக்கிய 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின்போது, அந்தமான் தீவுகளில் தங்கியிருந்த இந்திய ஹாம் குழுவினர், தீவினரின் நலச்செய்திகளைப் பெருநிலத்திற்கு எட்டச் செய்தனர். இத்தகைய தொண்டிற்கு நாள்தோறும் செய்யும் பயிற்சியே அடிப்படை. அமைதிக் காலத்தில் ஒழுங்கற்றுக் கிடக்கும் அலைவரிசை, ஆபத்துக் காலத்தில் திடீரென ஒழுங்குபெறும் என எதிர்பார்த்தல் பேதைமை.

இத்தீமை நேற்று முளைத்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வானொலிக்கு உரிமம் என்பதே இல்லை. ஆர்வலர் சிலரின் அலைகள் கப்பல்களின் செய்திகளுக்கு இடையூறாயின; பொய்ச் செய்தி விடுத்தாரும் உண்டு. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் டைட்டானிக் கப்பல் மூழ்கியபின், வானொலிக்கு ஒழுங்கு வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் சட்டம் ஒன்று பிறந்தது. வேண்டுமென்றே பிறர் செய்திக்கு இடையூறு செய்தலை அது விலக்கிற்று. அமெச்சூர் வானொலியாளர் அனைவரையும் 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளத்தில் அடக்கிற்று. அக்குற்றலைகள் பெரும்பயன் தாரா என்பது அந்நாளைய கருத்து. சிலர் செய்த பிழைக்குப் பலரும் இடம் இழந்தனர்.

ஒதுக்கப்பட்டோர் சோர்ந்துவிடவில்லை. 1914இல் அமெரிக்க வானொலி ரிலே கழகத்தை அமைத்துத் தம்மைத் தாமே நெறிப்படுத்திக் கொண்டனர். 1923இல், பயனில்லை எனப்பட்ட அக்குற்றலைகளைக் கொண்டே அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் பிரான்சில் இருந்தவரோடு இருவழித் தொடர்பு நிகழ்த்தி உலகை வியப்பில் ஆழ்த்தினர். 1928இல் பால் சீகல் என்பார் அமெச்சூர் வானொலியாளர்க்குரிய ஒழுக்க நெறிகளைத் தொகுத்தார். பிறர் இன்பத்தைக் குறைக்கும் செயலை அறிந்து செய்யாமை அந்நெறிகளுள் முதலாவதாக வைக்கப்பட்டது. கருவியைக் கையாளும் திறனுக்கு முன்னே பிறரைக் கருதும் பண்பை வைத்தமை போற்றற்குரியது.

சட்டமும் வாளா இருக்கவில்லை. அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டத்தில், வேண்டுமென்றோ தீய நோக்கத்தோடோ வானொலித் தொடர்பைத் தடுத்தல் குற்றம் என்னும் பிரிவு 1990இல் சேர்க்கப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஒருவர் உரிமம் இன்றியே பல்லாண்டு ரிப்பீட்டர்களில் புகுந்து தொல்லை தந்தார். எச்சரிக்கையும் தண்டத்தொகையும் அவரைத் திருத்தவில்லை. அரசின் செய்தித் தொடர்பிலும் அவர் தலையிட்டார். முடிவில், 2006ஆம் ஆண்டு நீதிமன்றம் அவருக்கு 7 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. முகத்தை மறைத்த வானம் அவர் இருப்பிடத்தை மறைக்கவில்லை.

'எண்ணியதைப் பேச எனக்கு உரிமை உண்டு. என்னை ஏன் தடுக்க வேண்டும்?' என்று இத்தகையோர் வினவுவர். பேச்சுரிமை பெறற்கரிய உரிமையே. ஆயினும், தன் சொல்லைக் கூறுவது வேறு. பிறன் சொல்லை அழிப்பது வேறு. முன்னது உரிமை, பின்னது பறிப்பு. பிறர் பேச்சின்மேல் சீழ்க்கை அடிப்பவன் எக்கருத்தையும் கூறுவதில்லை. கூறுவோரைத் தடுக்கவே செய்கிறான். அவனுக்காகப் பேச்சுரிமையைத் துணைக்கழைத்தல், குளத்தைக் கலக்குபவன் நீர் முகக்கும் உரிமையைப் பேசுவது போலாம்.

அவ்வாறாயின் நல்லோர் செய்யத்தக்கது யாது? வசைக்கு வசை கூறுதல் பலர்க்கும் இயல்பாக எழும் எண்ணம். அதனினும் பெரிய பிழை வேறில்லை. இடையூறு செய்பவன் வேண்டுவது பிறர் கவனம். ஒருவர் சினந்து விடையிறுத்தால், அவன் விரும்பிய பரிசு அவனுக்குக் கிட்டிவிடுகிறது. மேலும், வசைமொழி எவர் வாயிலிருந்து வரினும் விதிக்கு மாறானதே. காப்பதாகக் கூறி வந்தவரும் கலக்குவோராய் மாறிவிடுவர். ஆகவே, அவன் இல்லாதது போலவே பேச்சைத் தொடர்தல் வேண்டும். தொடர இயலாவிடில், அமைதியாக வேறு அலைவரிசைக்குச் செல்லுதல் வேண்டும். பொறையுடைமைக்கும் பயனில சொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் நாட்டு மாணவர்க்கு இவ்வறிவுரை புதியதன்று.

நாவை அடக்குதல் வேண்டும். கையைக் கட்டிக்கொள்ளுதல் வேண்டா. திசை உணரும் ஆன்டெனாவைத் திருப்பினால், அலை எத்திசையிலிருந்து வலிமையாக வருகிறது என்பது புலனாகும். வெவ்வேறு இடங்களில் நின்று இவ்வாறு அறிந்த திசைகளை நிலப்படத்தில் கோடுகளாக வரைந்தால், அவை வெட்டும் இடத்தருகே அலையின் பிறப்பிடம் இருக்கும். ஹாம்கள் இக்கலையை 'நரி வேட்டை' என்னும் பெயரால் விளையாட்டாகவே பயில்கின்றனர். நாள், நேரம், அலைவரிசை ஆகியவற்றைக் குறித்து, ஒலியையும் பதிந்து, உரியவரிடம் ஒப்படைத்தலே முறை. ஐயத்தை மட்டும் கொண்டு ஒருவர் பெயரை வானில் தூற்றுதல் தகாது. திருடப்பட்ட அழைப்புக் குறியின் உரியவர் குற்றமற்றவராய் இருக்கக்கூடும். முறையாகப் பயின்ற தன்னார்வலர் அலைவரிசைகளைக் கண்காணித்து உதவுவதற்கு, அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமும் வானொலி ரிலே கழகமும் 2019இல் உடன்பாடு செய்துகொண்டமை இவ்வகையில் நன்முயற்சியே.

ரிப்பீட்டரை மூடிவிட்டால் தொல்லை ஒழியும் என்பாரும் உளர். சினம் தணியும் வரை சிறிது நேரம் நிறுத்தி வைத்தல் தக்கதாகலாம். என்றென்றைக்கும் மூடுதலோ, கலக்கியவனுக்கு அஞ்சிக் குளத்தையே தூர்ப்பதாகும். செவிக்குப் புலனாகாத தாழ்ந்த ஒலிக்குறி ஒன்றோடு வரும் அலைக்கு மட்டும் நிலையம் விடையளிக்குமாறு அமைப்பதும் உண்டு. தற்செயலாக வந்து சேரும் வேற்றலைகளை அது தடுக்கும். ஆயின், பயன்படுத்துவோர் பலரும் அறிந்த திறவுகோல், தீயோன் கைக்கும் எளிதில் எட்டும். கருவியால் மட்டும் ஒழுக்கத்தைக் காத்துவிட இயலாது.

நல்லோர் தம்மையும் ஆராய்தல் வேண்டும். ரிப்பீட்டரை அமைத்தவர், அதனை இன்னார் மட்டும் பயன்படுத்தலாம் என வரையறுக்க விதி இடம் தருகிறது. ஆனால், அலைவரிசை எந்நிலையத்திற்கும் தனியுரிமை ஆகாது என்பதும் அவ்விதிகளுள் ஒன்றே. பழகிய சிலர் நாள் முழுதும் தமக்குள்ளேயே பேசி, இடைவெளியும் விடாது, புதிதாய் வந்து அழைத்தவர்க்கு ஒரு மறுமொழியும் கூறாதிருப்பின், அதுவும் ஒருவகைப் புறக்கணிப்பே. புறக்கணிக்கப்பட்ட மனம் சிலபோது பகையாகத் திரிகிறது. இதனால் இடையூறு செய்தவன் குற்றம் நீங்கிவிடாது. எனினும், புதியவரை ஓர் இன்சொல் கூறி வரவேற்றல், வருங்காலப் பகையுள் ஒன்றை முளையிலேயே களைவதாகலாம்.

வானொலிக் கருவி இல்லாதார்க்கும் இதில் பாடம் உண்டு. வகுப்பறை, நூலகம், ஊர்ப்பொது மன்றம் ஆகிய யாவும் பலர்க்கும் பொதுவான இடங்களே. அங்கெல்லாம் பேசக் கற்பதற்கு முன் கேட்கக் கற்றல் வேண்டும். தன் சொல் முடிந்ததும் பிறர்க்கு இடம் விடுதல் வேண்டும். தண்டனைக்கு அஞ்சி நாவை அடக்குவோன், தண்டிப்பார் இல்லாத இடத்தில் அதனை அவிழ்த்துவிடுவான். பிறரும் தன்னைப்போல் பேச வந்தவர் என்று உணர்ந்தவனோ, எவர் காணாவிடினும் முறை தவறான். இரு பேச்சுகளுக்கு நடுவே விடும் அச்சிறு இடைவெளியில், உதவி வேண்டி நிற்பார் ஒருவரின் மெல்லிய குரல் எழக்கூடும். அக்குரலுக்கு வழி விட்டு நிற்பதே பொதுவிடத்தில் பேசும் தகுதியுடையார் செயலாகும்.