ஊர் வேலை: நிம்மதி யாருக்கு, நீர் யாருக்கு?

பட்டணத்துக் கனவான்கள் சிலருக்குத் திடீரென்று கிராமத்தின் மேல் காதல் பிறந்திருக்கிறது. "கிராமத்துக்குப் போ, கண்மாயைத் தூர் வாரு, மரத்தை நடு, மனக்கவலை பறந்துவிடும்" என்று உபதேசம் செய்கிறார்கள். சித்திரை வெயிலில் வீரசோழன் சந்தையில் ஒரு பகல் நின்று பார்த்தால் இந்தக் காதல் எத்தனை நாழிகை நிற்குமோ!

ஆனாலும் இந்தப் பேச்சைக் கேலி செய்து ஒதுக்கிவிட நாம் தயாரில்லை. அதில் உண்மை இருக்கிறது. அருப்புக்கோட்டையிலும் ராஜபாளையத்திலும் திருப்பூரிலும் மில்லில் உழைக்கும் நம் தோழர்களைக் கேளுங்கள். ராத்திரி ஷிப்டு, மூக்கில் பஞ்சுத் தூசி, காது அடைக்கும் சத்தம். அவன் நூற்ற நூல் மில் வாசலைத் தாண்டி எங்கே போகிறது, யார் உடம்பில் துணியாகிறது என்பது அவனுக்குத் தெரியாது. அதே தோழன் பொங்கலுக்கு ஊர் வந்து, ஊருணியில் மண்டிய சீமைக் கருவேலத்தை நாலு பேரோடு சேர்ந்து வெட்டுகிறான். ஐப்பசி மழையில் அந்த இடத்தில் தண்ணீர் நிற்பதைக் கண்ணால் பார்க்கிறான். அவன் வீட்டுப் பெண்கள் அதில் குடம் முக்குகிறார்கள். வேலையின் பலன் கண்ணெதிரே நிற்கிறது. பக்கத்தில் நின்று வெட்டியவன் சூப்பர்வைசர் அல்ல, சிநேகிதன். அன்று ராத்திரி அவன் நன்றாகத் தூங்குகிறான். இந்தத் தூக்கத்தை யாரும் இழிவாகப் பேச வேண்டாம்.

நமது சீமை வானம் பார்த்த பூமி. கிருதுமால் நதியில் தண்ணீர் வருவது எப்போதோ ஒரு சமயம். வரத்துக்கால், கரை, மடை, கலுங்கு இவற்றைச் சேர்ந்து பராமரிக்காமல் இங்கே எந்த ஊரும் பிழைத்ததில்லை. இதற்குக் குடிமராமத்து என்று பெயர்.

சேர்ந்து செய்தார்கள், சரி. ஆனால் எந்த நிபந்தனையில் செய்தார்கள்? வெள்ளைக்காரன் 1858-ல் சென்னை மாகாணத்துக்கு ஒரு சட்டம் போட்டான். கட்டாய உழைப்புச் சட்டம் என்றே அதற்குப் பெயர்! வழக்கப்படி செய்ய வேண்டிய குடிமராமத்தைச் செய்யாதவன், அந்த உழைப்பின் மதிப்பில் இரண்டு பங்கைக் கட்ட வேண்டும். கரை உடையும் ஆபத்து வந்தால் உழைக்கும் வகுப்பு ஆண்களை அதிகாரி கூப்பிடலாம். வர மறுத்தால் தண்டனை. பணம் உள்ளவன் பணத்தைக் கட்டித் தப்பலாம். இல்லாதவன் மண் சுமக்க வேண்டியதுதான்.

பிறகு 1952-ல் சமுதாய அபிவிருத்தித் திட்டம் வந்தது. சிரமதானம் என்ற அழகான பெயரும் வந்தது. தானம் செய்தவன் யார்? அன்றாடக் கூலி. தானத்தில் விளைந்த ரோடும் வாய்க்காலும் யார் நிலத்தின் மதிப்பை உயர்த்தின? நிலம் உள்ளவன் நிலத்தின் மதிப்பைத்தான். 2017-ல் தமிழக சர்க்கார் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே, 100 கோடி ரூபாய்க்கு 1,519 வேலைகளைத் தொடங்கியது. செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுக்காரர்கள் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தர வேண்டும் என்றார்கள். ஏட்டில் ஏறுவது நிலச் சொந்தக்காரனின் உழைப்பு. மண்வெட்டி பிடிப்பது யார் கை என்று நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்து விவசாயத் தொழிலாளிக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

நிலமில்லாதவனுக்கு ஒரு நாள் ஊர் வேலை என்பது ஒரு நாள் அடுப்பு எரியாத வேலை. லீவில் வந்த மில் தோழனுக்கு நிம்மதி தரும் அதே மண்வெட்டி அவனுக்குப் பட்டினியைத் தருகிறது. இருவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்! போதாததற்கு, வெட்டிய கருவேலத்தைக் கரிமூட்டம் போட்டு அவன் நாலு காசு பார்த்து வந்தான். அந்த மரமும் ஏலத்தில் போய்விடுகிறது. கண்மாய் மீனும் ஏலத்தில் போகிறது. ஊர்ப் பொது என்றால் சேரியும் அந்த ஊரில் சேர்த்தியா? வேலைக்குக் கூப்பிடும்போது சேர்த்தி. ஏலக் கணக்கு பேசும்போது மட்டும் ஏன் அந்தக் குரல் கேட்பதில்லை?

அப்படியானால் ஊர் வேலைக்குப் போகாதே என்று சொல்கிறோமா? இல்லவே இல்லை. தண்ணீர் எல்லோருக்கும் வேண்டும். குடிதண்ணீர் ஊருணிக்கு எல்லோரும் கை கொடுப்போம், அது எல்லோருடையது. பாசனக் கண்மாய் வேறு விஷயம். பத்து ஏக்கர்க்காரன் பத்து ஏக்கருக்கு உண்டான பங்கைத் தரட்டும். நிலமில்லாதவன் உழைத்தால் கூலி வாங்கட்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக. கண்மாய் வேலைக்குக் கூலி பெறும் உரிமையை 2005-ம் வருஷத்து நூறு நாள் வேலைச் சட்டம் எழுத்திலேயே ஏற்றியது. சும்மா கிடைத்ததல்ல அது.

மே தினத்தன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. மில்லுக்கும் அன்று லீவு. ஊர் வந்திருக்கும் தோழர்கள் விவசாயத் தொழிலாளிகளோடு சேர்ந்து போய் உட்காருங்கள். மரம் எவ்வளவுக்குப் போனது, மீன் எவ்வளவுக்குப் போனது, கரை வேலையில் யார் எத்தனை நாள் நின்றார்கள் என்ற கணக்கை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்த பிறகு மண்வெட்டியை எடுப்போம்.