சினைக் குதிரைக்குத் திமிராம்!

"குதிரைக்குத் திமிர் ஏறிப்போச்சு" என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன். அதை ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்றதை எழுத முடியும்.

எங்கள் பக்கம் குதிரை வைத்திருப்பது லாபத்துக்கு இல்லைங்க, ஆசைக்கு. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கிய பொட்டைக் குதிரை அது. கத்தியவார் ஜாதி. காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனியில் ஒன்றையொன்று தொடும். செவலை நிறம், பேரும் செவலைதான். குழந்தைகள் வயிற்றுக்கு அடியில் நுழைந்து போனால்கூட அசையாது. தை மாதம் ஆண் குதிரையோடு சேர்த்தோம், சினை நின்றது.

ஆவணியில், சினை ஏழாவது மாதம், ஒரு நாள் காலை. லீவுக்கு வந்திருந்த அக்கா பையன் சேணத்தைப் போட்டு வயிற்றுப்பட்டையை இழுத்தான். செவலை வெடுக்கென்று திரும்பி அவன் தோளைக் கவ்விவிட்டது. சட்டை கிழிந்து பல் தடம் கருநீலமாக நின்றது. சாயங்காலம் தண்ணீர் காட்டப் போன என்னை நோக்கிப் பின்னங்காலைத் தூக்கியது.

அதற்கப்புறம் ஆளாளுக்குத் தீர்ப்பு. விற்றுக் கொடுத்த தரகர், "சுழி அப்பவே சரியில்லைங்க" என்றார். வாங்கும்போது அதே சுழியைக் காட்டி ராசியான குதிரை என்று கமிஷன் வாங்கியவர் இவர்தான்! பக்கத்துத் தோட்டத்துக்காரர், "மூக்கணைக் கட்டி நாலு போடு போடுங்க, அடங்கும்" என்றார். கோயமுத்தூரிலிருந்து வந்த சொந்தக்காரர் செல்போனைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஹார்மோன் மாமா, ஒண்ணும் பண்ண முடியாது, குட்டி போட்டாச் சரியாயிடும்" என்றார்.

எனக்குக் கோபம் இந்தக் கடைசி ஆள் மேல்தான் அதிகம். தரகரும் தோட்டத்துக்காரரும் படிக்காதவர்கள் என்று நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் 'ஹார்மோன்' என்று சொன்னவர் செய்ததும் அதே வேலைதான். சுழி, திமிர், ஹார்மோன், மூன்றும் ஒரே கதவுக்கு மூன்று பூட்டு. ஒன்றைப் போட்டுவிட்டால் அந்தக் குதிரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்கும் வேலை நமக்கு மிச்சம்.

ஹார்மோன் பொய் என்று சொல்லவில்லை. பொட்டைக் குதிரையின் சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். நடுமாதங்களில் வயிற்றுக் குட்டியின் உறுப்புகளிலிருந்தே ஆண் ஹார்மோனெல்லாம் சுரந்து தாயின் ரத்தத்தில் கலக்கிறது. அதனால் குணம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். ஆனால் அது கடைசியாக வரவேண்டிய பதில். மற்ற எல்லாவற்றையும் பார்த்து, ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு சொல்லவேண்டியது. நாம் அதை முதல் பதிலாக வைத்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் கால்நடை டாக்டரம்மா வந்தார். ஊசியை எடுக்கவில்லை. கட்டுத்தரைக்கு வெளியே பத்து நிமிஷம் சும்மா நின்று பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏன் கடிக்குதுன்னு கேக்காதீங்க. எப்ப கடிக்குது, சொல்லுங்க. தீனி வெக்கறப்பவா? இன்னொரு குதிரை கிட்ட வர்றப்பவா? எங்க தொட்டா?"

யோசித்தால், பட்டை கட்டும்போதும் இடது பக்கம் போகும்போதும் மட்டும்தான். முன்னங்காலுக்குப் பின்னால் முடியை விலக்கினார். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து வீங்கி இருந்தது. வயிறு பெருத்துக்கொண்டே போகிறது, நான் எட்டு மாதமாக அதே துளையில் பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். பட்டை நழுவி நழுவி முன்னால் வந்து அந்த இடத்தையே அறுத்திருக்கிறது.

என் வீட்டுக்காரி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ரெண்டு வாரமா பட்டையக் கண்டாலே காதைப் பின்னால மடக்குச்சு, வாலை வெடுக்கு வெடுக்குன்னு அடிச்சுது. நாஞ் சொன்னேன், நீங்க கேக்கல." குதிரை திடீரென்று கடிக்கவில்லை. இரண்டு வாரம் சொல்லிப் பார்த்திருக்கிறது. 'திடீர்' என்பது நம் கவனத்தில்தான்.

வீட்டில் புள்ளத்தாச்சி எரிந்து விழுந்தால் என்ன சொல்கிறோம்? "மசக்கைக் கோவம்." தலைவலியா, கால் வீக்கமா, ராத்திரி தூக்கம் உண்டா, யாராவது கேட்கிறோமா? வாய் உள்ளவளுக்கே அந்தக் கதி.

சனி ஞாயிறு காரில் வந்து குதிரைக் கழுத்தைக் கட்டிப்பிடித்து வீடியோ எடுக்கும் உங்களுக்கும் ஒரு வார்த்தை. காது பின்னால் படிந்திருக்கும், கண்ணில் வெள்ளை தெரியும். நீங்கள் அதற்குக் கீழே 'அன்பு' என்று எழுதிப் போடுவீர்கள். அது அன்பு இல்லைங்க, "தள்ளிப் போ" என்கிறது.

"அப்ப கடி வாங்கிட்டே நிக்கச் சொல்றியா?" என்று கேட்கலாம். இல்லை. குதிரைக் கடியும் உதையும் எலும்பை முறிக்கும். முதலில் குழந்தைகளைத் தள்ளி வையுங்கள், பின்னங்கால் பக்கம் போகாதீர்கள், சவாரியை நிறுத்துங்கள். பிறகு தேடுங்கள். முதுகு, பட்டை படும் இடம், குளம்பு, லாடம், பல், வாய். கட்டும் இடத்தை மாற்றினோமா, புதிதாக ஒரு குதிரையைப் பக்கத்தில் கட்டினோமா, கூட இருந்த துணையைப் பிரித்தோமா?

கோபத்தோடு வியர்த்துக் கொட்டினால், முன்னங்காலால் தரையைப் பறித்தால், திரும்பித் திரும்பி விலாவைப் பார்த்தால், படுத்துப் புரண்டால், அது வயிற்று வலி. சினையில் கர்ப்பப்பையே முறுக்கிக்கொள்வதும் உண்டு. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நாள் நெருங்கும் முன்பே மடி இறங்கிப் பால் கசிந்தாலும், பின்பக்கம் ரத்தமோ சீழோ வந்தாலும் உடனே டாக்டர்தான். மெடிக்கலில் கேட்டு வலி ஊசி வாங்கிப் போடுகிற வேலை வேண்டாம். வலி மறைந்துவிடும், காரணம் உள்ளேயே இருக்கும்.

செவலைக்குப் புண் ஆற மூன்று வாரம் ஆனது. சேணத்தைப் பரணில் ஏற்றிவிட்டேன். பத்து நாள் கிட்டே போகாமல் தூரத்திலேயே கொள்ளை வைத்துவிட்டு வந்தேன். பதினோராம் நாள் அதுவாக வந்து என் சட்டைப் பையை மோந்தது. மார்கழிக் கடைசியில் ஒரு நடுராத்திரி, யாரும் பார்க்காத நேரத்தில், குட்டி போட்டது. பொட்டைக் குட்டி.

தரகர் வந்து பார்த்துவிட்டு, "சுழி அருமையா இருக்குதுங்க" என்றார். நான் பேசவில்லை. உள்ளே போய் அந்தப் பழைய பட்டையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.