சாகிறவன் எப்படியும் சாவான் என்பது பச்சைப் பொய்

"ஜிஸ்கோ மர்னா ஹை, வோ தோ மரேகா ஹீ." குவாலியருக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட ஹிந்தி வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். பேப்பரில் தற்கொலைச் செய்தி வந்தால் டீக்கடையில் இதைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவார்கள். நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. "சாகணும்னு முடிவு பண்ணிட்டவன யாரு சார் தடுக்க முடியும்?" மொழிதான் வேறு, கை கழுவுவது ஒன்றுதான்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு பேங்கில் குப்பை கொட்டுபவன். ஆனால் கணக்கு டேலி ஆகவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது. இந்த வாக்கியம் டேலி ஆகவில்லை நண்பர்களே. ஐம்பது வருடமாக உலகம் முழுக்க ஆராய்ச்சி செய்து பார்த்துவிட்டார்கள். ஒரு இடத்திலும் ஆகவில்லை.

முதலில் நான் இருக்கும் ஊரைப் பற்றி, தெரியாதவர்களுக்காக. குவாலியர், பிண்ட், முரைனா என்று இந்த சம்பல் பக்கத்தில் துப்பாக்கி என்பது நம்மூர் புல்லட் வண்டி மாதிரி ஒரு கௌரவம். லைசென்ஸ் கிடைப்பது அவ்வளவு பெரிய விஷயம். 2008ல் பக்கத்து சிவபுரி மாவட்டத்தில், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டால் லைசென்ஸில் முன்னுரிமை என்று நிர்வாகமே அறிவித்தது. 2019ல் குவாலியரில், லைசென்ஸ் வேண்டுமா, பத்து மரக்கன்று நட்டு போட்டோ எடுத்துக்கொண்டு வா என்றார்கள். ஜோக் இல்லை, இரண்டும் பேப்பரில் வந்த செய்தி. மரம் நட்டாயா என்று கேட்டார்கள், சரி. உன் வீட்டில் யாராவது மனசு சரியில்லாமல் இருக்கிறார்களா என்று யார் கேட்டார்கள்?

கேட்டிருக்க வேண்டும். ஏன் என்பதற்கு அமெரிக்காவுக்குப் போகணும்.

அமெரிக்கத் துப்பாக்கி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பையன் சுடுவதுதான். டிவி அதைத்தான் காட்டும். கணக்கு வேறு. 2022ல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,204 பேர். அதில் 27,032 பேர் தற்கொலை. பாதிக்கு மேல்! திருடனுக்காக வாங்கி வைத்த துப்பாக்கி வீட்டுக்காரரையே கொண்டுபோகிறது.

இதை ஆர்தர் கெல்லர்மன் என்ற டாக்டரும் அவர் சகாக்களும் அப்போதே சொன்னார்கள். துப்பாக்கி உள்ள வீட்டில் தற்கொலை அபாயம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு என்று 1992ல் ஒரு ஆய்வு. வீட்டுக்குள் கொலை நடக்கும் அபாயம் 2.7 மடங்கு என்று 1993ல் இன்னொன்று. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது சிடிசி, அதாவது அந்த நாட்டு அரசின் நோய்த்தடுப்பு மையம்.

துப்பாக்கி லாபி என்ன செய்தது தெரியுமா? ஆராய்ச்சி தப்பு என்று இன்னொரு ஆராய்ச்சி செய்து நிரூபித்திருக்கலாம். அதற்குப் பதில் கணக்கெடுப்பையே நிறுத்தப் பார்த்தார்கள். 1996ல் ஜே டிக்கி என்ற எம்.பி. பெயரில் பட்ஜெட்டில் ஒரு வரி நுழைந்தது. சிடிசியின் பணம் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு திரட்டப் பயன்படக் கூடாது, அவ்வளவுதான். ஆராய்ச்சியே கூடாது என்று அதில் இல்லை. ஆனால் கூடவே 26 லட்சம் டாலரை வெட்டினார்கள். முந்தைய வருடம் துப்பாக்கிக் காய ஆராய்ச்சிக்கு சிடிசி செலவு செய்த அதே தொகை! அதிகாரிகளுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டுமா? பேங்கில் இருக்கும் எனக்கு நன்றாகவே புரியும். "இந்த ஃபைலைத் தொடாதே" என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். தொட்டால் என்ன ஆகும் என்று மட்டும் காட்டுவார்கள்.

இருபது வருடத்துக்கு மேல் அந்த ஃபைலைப் பெரிதாக யாரும் தொடவில்லை. 2012ல் அதே டிக்கி, சிடிசியில் அந்தப் பிரிவுக்குத் தலைவராக இருந்த மார்க் ரோசன்பர்க்குடன் சேர்ந்து, ஆராய்ச்சி நடந்தே ஆகணும் என்று வாஷிங்டன் போஸ்டில் எழுதினார். ஒரு காலத்தில் எதிரெதிராக நின்ற இருவர்! அதற்கப்புறமும் 2020 பட்ஜெட்டில்தான் இரண்டரைக் கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2025 ஏப்ரலில் சிடிசியின் காயத் தடுப்பு மையத்தில் மறுபடியும் பெரிய ஆட்குறைப்பு. கணக்கைக் கண்டால் இவர்களுக்கு அவ்வளவு பயம்.

சரி, எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். "சாக நினைப்பவன்தான் துப்பாக்கி வாங்குகிறான். துப்பாக்கி இல்லையென்றால் வேறு வழி தேடுவான்." நியாயமான கேள்வி. 2020ல் கலிஃபோர்னியாவில் இரண்டு கோடி அறுபது லட்சம் பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, வைத்திராதவர்களைவிட சுமார் எட்டு மடங்கு. பெண்களில் 35 மடங்கு. முக்கியமான விஷயம் இதுதான்: வேறு வழிகளில் தற்கொலை செய்துகொள்வது இவர்களிடம் அதிகமாக இல்லை. எப்படியும் சாக நினைப்பவர்கள் என்றால் அதுவும் கூடியிருக்கணுமே, ஏன் கூடவில்லை?

இன்னும் சில கணக்குகள்.

1. சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம். 1937 முதல் 1971 வரை அங்கே தற்கொலைக்கு முயன்று தடுக்கப்பட்ட 515 பேர் பிறகு என்ன ஆனார்கள் என்று ரிச்சர்ட் சைடன் தேடிப் பார்த்து 1978ல் எழுதினார். சுமார் 94 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள்.

2. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் அடுப்புக்கு வந்த நிலக்கரி வாயுவில் விஷம் இருந்தது. அறுபதுகளில் தொடங்கி மெல்ல மெல்ல விஷமில்லாத வாயு வந்தது. இங்கிலாந்து, வேல்ஸில் மொத்தத் தற்கொலை 1963ல் 5,714. 1975ல் 3,693. அந்த வருடங்களில் அங்கே எல்லாரும் திடீரென்று சந்தோஷமாகிவிடவில்லை.

3. இஸ்ரேல் ராணுவம் 2006ல், வார இறுதி லீவில் வீட்டுக்குப் போகும் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போகணும் என்றது. தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது. குறைந்தது வார இறுதியில்தான். வார நாட்களில் பெரிய மாற்றம் இல்லை.

இதெல்லாம் என்ன சொல்கிறது? சாக வேண்டும் என்கிற வேகம் பெரும்பாலானவர்களுக்கு ஒரு அலை. வரும், போகும். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. துப்பாக்கி மறு வாய்ப்பு தருவதில்லை.

எங்கள் பிராஞ்சில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. ஹெட் கேஷியர் திருடன் என்பதாலா? இல்லை. நல்லவனுக்கும் ஒரு கெட்ட நேரம் வரும், அப்போது இரண்டாவது சாவிக்காரனைத் தேடிப் போகும் அந்தப் பத்து நிமிஷம் காப்பாற்றும் என்பதால். "திருடுறவன் எப்படியும் திருடுவான், எதுக்கு ரெண்டு சாவி?" என்று ஆடிட்டரிடம் சொல்லிப் பாருங்கள். காசுக்குக் கொடுக்கும் இந்தப் பாதுகாப்பை உயிருக்குக் கொடுக்க நமக்கு ஏன் வலிக்கிறது?

"இந்தியாவில் துப்பாக்கித் தற்கொலை ரொம்பக் கம்மி சார்" என்பீர்கள். உண்மை. சம்பல் விதிவிலக்கு. ஆனால் பாடம் எல்லாருக்கும் ஒன்றே. நம் நாட்டில் கிராமத்து வீடுகளில் அந்த இடத்தில் இருப்பது பூச்சிமருந்து. இலங்கை அரசு எண்பதுகளில் தொடங்கி கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1995 முதல் 2015 வரை காப்பாற்றப்பட்ட உயிர்கள் சுமார் 93,000 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அரசுக்கு ஆன நேரடிச் செலவு ஒரு உயிருக்கு 50 டாலருக்கும் கீழே. விளைச்சல் விழவில்லை. இதைவிட நல்ல ரிட்டர்ன் தரும் திட்டம் ஒன்றை என் இருபது வருட சர்வீஸில் பார்த்ததில்லை!

அதே இலங்கையில் 180 கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்தும் பார்த்தார்கள். 2017ல் முடிவு வந்தது. பலன் இல்லை. ஏன் என்று எனக்குத் தோன்றுவது: பூட்டும் சாவியும் ஒரே வீட்டில். அது ஜாயின்ட் கஸ்டடி ஆகுமா?

இங்கே 2022ல் தற்கொலை 1,70,924. முதலிடம் மகாராஷ்டிரா, இரண்டாமிடம் நம் தமிழ்நாடு, மூன்றாமிடம் நான் இருக்கும் மத்தியப் பிரதேசம். விட்டு வந்த ஊரும் வந்து சேர்ந்த ஊரும் அடுத்தடுத்து நிற்கின்றன. அதே வருடம் நவம்பரில் வந்த தேசியத் தற்கொலைத் தடுப்புத் திட்டம், 2030க்குள் பத்து சதவீதம் குறைப்போம் என்கிறது. அடுத்த வருடம், 2023ல், எண்ணிக்கை 1,71,418. கூடியிருக்கிறது!

ஆயுதச் சட்டத்தை 2019ல் திருத்தினார்கள். ஒரு ஆளுக்கு மூன்று துப்பாக்கி என்பது இரண்டானது. கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுட்டால் இரண்டு வருடம் வரை ஜெயில். நல்லது. ஆனால் லைசென்ஸ் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து வருடமாக நீட்டிவிட்டார்கள். லைசென்ஸுக்கு டாக்டர் சர்டிபிகேட் கேட்கிறார்கள், சரி. ஐந்து வருடத்தில் ஒரு மனிதனுக்கு என்னென்ன நடக்கும்? தொழில் நொடிக்கும், மனைவி போவாள், குடி கூடும். நாங்கள் ஒரு கேஷ் கிரெடிட் கணக்கையே வருடா வருடம் ரெவ்யூ பண்ணுகிறோம் ஐயா!

என் கோரிக்கை மூன்றே மூன்று. லைசென்ஸை வருடா வருடம் பாருங்கள், வீட்டில் உள்ளவர்களையும் கேளுங்கள். துப்பாக்கியால் போகும் ஒவ்வொரு உயிருக்கும் அது லைசென்ஸ் துப்பாக்கியா, யாருடையது என்று பதிந்து வெளியிடுங்கள். கொடிய பூச்சிமருந்துகளை இலங்கை மாதிரி ஒவ்வொன்றாக எடுங்கள்.

வடக்கே செட்டில் ஆகி, பாதுகாப்புக்கு ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கும் நம் ஆட்களுக்கு: வேண்டாம். ஏற்கனவே இருக்கிறதா? வீட்டில் யாராவது வாடிப்போய் இருந்தால், காரணம் கேட்டுக்கொண்டு நிற்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். தேர்தல் வந்தால் இந்த ஊரே வரிசையில் நின்று அதைச் செய்கிறது. தேர்தலுக்குச் செய்வதை மகனுக்காகச் செய்யக் கூடாதா? ஊரில் அப்பாவின் மோட்டார் ரூமில் இருக்கும் பூச்சிமருந்து டப்பாக்களையும் போனில் விசாரியுங்கள்.

அப்புறம் உட்கார்ந்து பேசுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், வராது. பேச ஆள் இல்லையென்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எப்போதும் உண்டு, காசு கிடையாது, தமிழிலும் பேசலாம்.

அடுத்த தடவை டீக்கடையில் யாராவது "மர்னே வாலா தோ மரேகா ஹீ" என்றால் சும்மா தலையாட்டாதீர்கள். "கணக்கு அப்படிச் சொல்லலையே பாய்சாப்" என்று ஆரம்பியுங்கள்.