டின்னில் வந்த மிளகுத்தண்ணி

தெப்பக்காட்டில் மூன்று நாளாக விடாத மழை. மாயாற்றில் செந்தண்ணீர் ஓடுகிறது. முகாம் யானைகளுக்கு ராகிக் களி நேரத்துக்குக் கிடைக்கிறது. எனக்குத்தான் கரண்ட் நேரத்துக்கு வருவதில்லை. பதிவு நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் மசினகுடிப் பக்கம் ஒரு விடுதியில் சமையல் செய்கிறான். போன மாதம் முகம் வாடி வந்து நின்றான். மெனு கார்டில் "முல்லிகடானி சூப்" என்று இருந்திருக்கிறது. அது நம் மிளகுத்தண்ணிதான் என்று யாரோ சொல்ல, அவன் அம்மா வைக்கிற மாதிரியே மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு, புளி கரைத்து வைத்துக் கொடுத்திருக்கிறான். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி ஒரு வாய் குடித்துவிட்டு, "இது முல்லிகடானியே இல்லை, ஏமாற்று வேலை" என்று கிண்ணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். மேலாளரிடமும் திட்டு. "டீச்சர், நான் செஞ்சது தப்பா?" என்று கேட்டான். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் லண்டனிலிருந்து என் தம்பி மகன் வந்தான். விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருந்தேன். "அத்தை, நீங்களே ருசி பாருங்க" என்று ஒரு டின் முல்லிகடானி கொண்டுவந்தான். சுடவைத்து வீட்டில் ஐந்து பேரும் குடித்தோம். கெட்டியாக, மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. தக்காளி, கோழித் துண்டு, அரிசி, கறிப்பொடி, கொஞ்சம் இனிப்பு. புளி கிடையாது. மிளகு எங்கேயோ மூலையில். என் நாத்தனார் "குழம்பு மாவுல தண்ணி ஊத்தின மாதிரி இருக்கு" என்றார். பேத்தி மட்டும் இன்னொரு கிண்ணம் கேட்டாள்!

நேர்மையாகச் சொல்கிறேன். சூப் என்று குடித்தால் மோசமில்லை. குளிருக்கு இதமாகவே இருந்தது. ரசம் என்று எதிர்பார்த்துக் குடித்தவர்களுக்குத்தான் ஏமாற்றம்.

இது எப்படி வந்தது என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். நம் மிளகுத்தண்ணியைத்தான் வெள்ளைக்காரர்கள் வாய்க்கு வந்தபடி "முல்லிகடானி" என்றார்கள். 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலேயே இது தமிழ்ச் சொல் என்று இருக்கிறது. சென்னை மாகாணத்து வெள்ளை அதிகாரிகளுக்கே இதை வைத்து "மல்" என்று பட்டப்பெயர். நம் தெளிந்த தண்ணியில் அவர்கள் கறியைப் போட்டார்கள், மாவைப் போட்டுக் கெட்டியாக்கினார்கள், ஊருக்குப் போய்ப் புளிக்குப் பதில் ஆப்பிளைப் போட்டார்கள். கடைசியில் டின்னில் அடைத்தார்கள்.

சென்னையிலிருந்த கர்னல் கென்னி-ஹெர்பர்ட், "வைவர்ன்" என்ற புனைபெயரில் 1878-ல் ஒரு சமையல் புத்தகம் எழுதினார். கைக்கெட்டும் தூரத்தில் புதுசாகக் கிடைப்பதை விட்டுவிட்டு, விருந்தில் சீமை டின்களைத் திறந்து பெருமையடிப்பவர்களை அவர் அப்போதே கண்டித்திருக்கிறார். ஒரு வெள்ளைக்காரருக்கே தெரிந்திருக்கிறது!

டின்னையும் குறை சொல்ல முடியாது. கெடாமல் இருக்க, அடைத்த பிறகு 120 டிகிரிப் பக்கம் சூடு காட்ட வேண்டும். நம் பிரஷர் குக்கர் சூடு. ரசமோ நுரை கட்டியதும் இறக்க வேண்டிய பண்டம். ஒரு கொதி கூடினாலே வாசம் போய்விடும் என்று எந்தப் பாட்டியும் சொல்வார். ரசத்தின் உயிர் வாசம்தான். அது டின்னுக்குள் தங்காது.

இன்னொன்று சொல்கிறேன். ஒரு காலத்தில் இங்கிலாந்துப் பணக்காரர் விருந்தில் ஆமை சூப் பெரிய கௌரவம். கடலாமை வாங்க முடியாதவர்கள் கன்றுக்குட்டித் தலையை வேகவைத்து அதே மாதிரி ஒரு சூப் செய்தார்கள். அதற்கு "மாக் டர்ட்டில்", அதாவது போலி ஆமை சூப், என்றே பெயர் வைத்தார்கள். 1865-ல் வந்த ஆலிஸ் கதையில் கன்றுக்குட்டித் தலையோடு ஓர் ஆமை உட்கார்ந்து அழுமே, அது இதுதான். பின்னால் இரண்டு சூப்பும் டின்னில் வந்தன. இன்று நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டப்படி கடலாமையைத் தொடவே கூடாது, நல்லது. ஆனால் பாருங்கள், போலியை அவர்கள் போலி என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். நம் மிளகுத்தண்ணிக்கு மட்டும் அந்த மரியாதை கிடைக்கவில்லை. நகல் அசலின் பெயரை எடுத்துக்கொண்டது. இப்போது அசலைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்கிறது.

விருந்தாளி மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சின்ன வயதிலிருந்து குடித்தது அந்த டின்னாக இருக்கலாம். அவரவர் நாக்கு பழகியதுதான் அவரவர்க்கு அசல். நாமும் யோக்கியமா? என் அலமாரியிலும் ரெடிமேட் ரசப்பொடி பாக்கெட் இருக்கிறது. நம் பேரப்பிள்ளைகள் நாளைக்கு அதைத்தான் ரசம் என்பார்கள். கூடலூர்ப் பக்கம் தோட்டந்தோறும் மிளகுக்கொடி ஏறி நிற்கிறது. அதை வாங்கித் தட்டிப்போட நமக்குத்தான் ஐந்து நிமிடம் இல்லை.

அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதில் இது: "நீ செய்தது தப்பில்லை கண்ணு. பெயர்தான் தப்பு. மெனு கார்டில் இரண்டையும் தனித்தனியாக எழுது. முல்லிகடானி சூப் கேட்டவருக்குக் கெட்டியாக அதையே கொடு. கீழே 'மிளகு ரசம்' என்று தமிழிலும் எழுதி, உன் அம்மா கைப்பக்குவத்தைக் கொடு. வெட்கப்படாதே." மேலாளர் இன்னும் சம்மதிக்கவில்லையாம். கேட்டுக்கொண்டே இரு என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் ரசத்துக்குப் பொடியா, தட்டிப்போடுவதா? உண்மையைக் கீழே எழுதுங்கள். மார்க் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்